சூட்டுத் துளையுளி கம்பிக்குள் ஒட்டிக்கொள்கிறது, சுருள்களும் ஒன்றுபோல் வருவதில்லை: என்ன செய்யலாம்?

உப்புவெளி வெல்டர்:

வணக்கம். திருகோணமலையில் ஆறு வருடமாகக் கேற், யன்னல் கிறில் வேலை செய்கிறேன். எல்லாம் வெட்டி ஒட்டுகிற வேலைதான், பூவோ சுருளோ கேட்டால் கடையில் வார்ப்பு வாங்கி வெல்டிங் அடித்துக் கொடுப்போம். போன மாதம் டச் பே பக்கம் ஒரு பழைய வீட்டைத் திருத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். எட்டு யன்னலில் மூன்றில் மட்டும் பழைய இரும்பு வேலை மிச்சம், மற்ற ஐந்தையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. மிச்சமிருப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், ஓர் இடத்திலும் வெல்டிங் இல்லை. 12 மில்லி சதுரக் கம்பி. கிடைக் கம்பியில் துளை விழுத்தி நிலைக் கம்பியை அதனூடாக விட்டிருக்கிறார்கள், துளை இருக்கும் இடத்தில் கம்பி இரண்டு பக்கமும் வயிறு தள்ளினாற்போல் புடைத்து நிற்கிறது. சுருள்களைக் கம்பியோடு சேர்த்து இரும்புப் பட்டியால் கட்டி இறுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு வார்ப்புச் சுருளை ஒட்டித் தருகிறேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே மாதிரி அடித்தே தருகிறேன் என்று ஒத்துக்கொண்டேன், மாரி முடியும் வரைக்கும் காலம் தந்திருக்கிறார்கள்.

உலை நானே செய்தது. லொறி பிரேக் டிரம், கீழே குழாய், காற்றுக்குப் பழைய ஹெயார் டிரையர், எரிக்கச் சிரட்டைக்கரி. சூட்டில் குறையில்லை. பட்டடைக்குப் பழைய இரும்புக் கடையில் 60 கிலோ கட்டை ஒன்று கிடைத்தது, முகத்தை மட்டமாகத் தேய்த்து வைத்திருக்கிறேன், ஆனால் கருவி செருகுகிற துளை அதில் இல்லை.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். முதல் துளையுளியை லொறி ஸ்பிரிங் பட்டையில் வெட்டி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். டிக் என்று ஒரு சத்தம், எடுத்துப் பார்த்தால் நுனியிலிருந்து ஓர் அங்குலத்துக்கு வெடிப்பு. இரண்டாவதை ஒயிலில் போட்டேன், வெடிக்கவில்லை, ஆனால் சிவந்த கம்பியில் வைத்து ஏழெட்டு அடி போட்டதும் உள்ளேயே இறுகிவிட்டது. கழற்ற அரை நாள் போனது, கழற்றினால் நுனி காளான் போல விரிந்திருக்கிறது.

சுருளைக் கண் மட்டத்தில்தான் அடிக்கிறேன். தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் வடிவாக இருக்கிறது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று விரலளவு பெரிது, இன்னொன்று சப்பை. யன்னலுக்கு எட்டுப்படி எனக்கு 40 சுருள் வேண்டும். கருவிகளை எப்படிச் செய்துகொள்வது என்று தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

தம்பலகாமம் கம்மாலை:

தம்பி, ஒட்டித் தராமல் அடித்துத் தருகிறேன் என்று நீர் சொன்னதே எனக்குப் பெரிய சந்தோஷம். எங்கள் பக்கம் கம்மாலைக்கு வருவதெல்லாம் மண்வெட்டி, கத்தி, அரிவாள்தான், ஆனால் என் தகப்பன் காலத்தில் கதவுக் கீலும் யன்னல் கம்பியும் அடித்திருக்கிறோம், அந்தக் கருவிகளில் சில இன்றைக்கும் என்னிடம் இருக்கின்றன.

உம்முடைய துளையுளி கடினம் போதாமல் கெடவில்லை. கடினம் வேண்டும் என்று நினைத்துத் தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சிச் சட்டெனக் குளிரவைப்பது) போட்டதுதான் பிழை. லொறி ஸ்பிரிங் ஒயிலில் தோய்க்கிற உருக்கு, தண்ணீரில் போட்டால் அது தாங்காது, முதலாவது வெடித்தது அதனால். இரண்டாவது வேறு கதை. சிவந்த இரும்புக்குள் இறங்கும் உளியின் நுனி நாலைந்து அடியிலேயே அந்தச் சூட்டை வாங்கிவிடும், நீர் பாடுபட்டுப் போட்ட தோய்ச்சல் அதோடு போய்விடும். ஆகவே சூட்டு வேலைக்கான துளையுளிக்கு நான் தோய்ச்சலே போடுவதில்லை. அடித்து வடிவம் எடுத்த பிறகு ஒருமுறை சிவக்கக் காய்ச்சி, காற்றில் தானாக ஆறவிட்டு, அரத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கி வைத்துக்கொள்வேன். அவ்வளவு காணும். குளிர்ந்த இரும்பை வெட்டும் உளிக்குத்தான் தோய்ச்சலும் பதமும் (தோய்த்த பிறகு மெல்லச் சூடாக்கி நொறுங்காமல் ஆக்குவது) வேண்டும்.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் வடிவமும் பழக்கமும். உளியின் பக்கங்கள் நேராக இருந்தால் கம்பி ஆறும்போது சுருங்கி அதைக் கவ்விப் பிடிக்கும். நுனியிலிருந்து மேலே போகப் போக மெல்லத் தடிக்கிற மாதிரி அடியும், அப்போது மேலே இழுத்ததும் அது இலகுவாகக் கழன்று வரும். மூன்று அடி, கூடினால் நாலு, உடனே வெளியே இழுத்துத் தண்ணீரில் நனைக்க வேண்டும். நுனி சிவக்கும் வரைக்கும் விடக்கூடாது, சிவந்த பின் தண்ணீரில் வைத்தால் உம்முடைய முதல் உளிக்கு நடந்ததுதான் நடக்கும். முதல் மூன்று அடியில் ஒரு பள்ளம் விழும் அல்லவா, அதற்குள் கரித்தூள் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு உளியை வையும். தூள் எரிந்து வரும் புகை உளியை மேலே தள்ளும். இதை என் தகப்பனிடம் படித்தேன், ஒரு நாளும் கைவிட்டதில்லை.

உமக்கு வேண்டியது வட்டமான துளையுளி அல்ல. அந்த வயிறு தள்ளின துளை, கம்பியை நீளவாக்கில் கீறி, கீறலை விரித்து எடுத்தது. இரும்பு ஒரு துண்டும் வெளியே போகாது, அதனால்தான் பக்கங்கள் புடைக்கின்றன, அதனால்தான் அந்த இடத்தில் பலமும் குறையாது. அதற்கு இரண்டு கருவி. ஒன்று கீறுகிற உளி, வாய் மெல்லியது, ஆனால் வாயின் இரண்டு முனையையும் உருட்டிவிட வேண்டும், கூர் மூலையாக இருந்தால் கீறலின் நுனியிலிருந்து கம்பி கிழிந்துகொண்டே போகும். மற்றது விரிக்கிற முளை, 12 மில்லிக்கு ஒரு மயிரிழை கூட, சதுரம், நடுவில்தான் அந்த அளவு, இரண்டு நுனியும் ஒடுங்கியிருக்க வேண்டும். மேலால் அடித்தால் கீழால் விழுந்துவிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒடுக்கி மற்றப் பக்கத்தை மொட்டையாக விட்டால் மறுபடியும் அரை நாள் கழற்றுவீர்.

கீறலின் நீளம் கேட்பீர். 12 மில்லிச் சதுரத் துளையின் சுற்று 48, கீறலுக்கு இரண்டு பக்கம் இருப்பதால் அதில் பாதி 24. ஆனால் முளை இறங்கும்போது இரும்பு கொஞ்சம் இழுபடும், ஆகவே 20, 21 என்று தொடங்கி ஒரு துண்டில் அடித்துப் பாரும். அந்தத் துண்டின் நீளத்தை அடிக்க முன்னும் பின்னும் அளந்து எழுதி வையும், ஏனென்றால் ஒவ்வொரு துளைக்கும் கம்பி நீளத்தில் குறையும். இதை அறியாமல் நான் ஒருமுறை ஏழு துளைக்கும் குளிர்ந்த கம்பியில் குறி போட்டு அடித்து, கடைசித் துளை எங்கேயோ போய் நின்று, முழுக் கம்பியையும் எறிந்திருக்கிறேன்.

மேலிருந்து அடித்துக்கொண்டு போகும்போது அடியில் கட்டையின் முகம் தட்டுப்படும், சத்தமும் கையும் மாறும். அப்போது கம்பியைத் திருப்பினால் உளி நின்ற இடம் மட்டும் கறுப்பாகத் தெரியும். உளி தொட்டு அந்த இடம் குளிர்ந்திருப்பதால் வருவது அது. அந்தக் கறுப்பின் மேல் உளியை நேராக வைத்து மறுபக்கத்திலிருந்து முடியும். அதற்குக் கீழே வைக்க, நடுவில் துளை உள்ள தடித்த தட்டு ஒன்று வேண்டும். உமக்கு வெல்டிங் தெரியும், இரண்டு 20 மில்லிப் பட்டையை உளியும் முளையும் இறங்கிப் போகிற அளவு இடைவெளி விட்டுப் பக்கத்தில் வைத்து ஒட்டினால் முடிந்தது. முளையையும் இதன் மேல்தான் அடிக்க வேண்டும்.

உளி அடிக்கும் தலையைத் தோய்க்காதேயும், எப்போதும் மென்மையாகவே இருக்கட்டும். அடிபட்டு ஓரம் பூப்போல விரிந்தால் அன்றைக்கே கிரைண்டரில் தேய்த்துவிடும். அந்த ஓரத்திலிருந்து தெறித்த சில்லு ஒன்று என் முழங்கையில் ஏறி, வெட்டித்தான் எடுத்தார்கள்.

கிண்ணியா லேத்:

அண்ணன் சொன்னதற்கு மேலே உருக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழைய ஸ்பிரிங் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும், ஆயிரக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்து களைத்துப்போன இரும்பு அது. நடுத் துளை இருக்கிற பகுதியைத் தொடவே வேண்டாம். உளிக்குப் பட்டையைவிட வாகனச் சுருள் ஸ்பிரிங் நல்லது, ஏற்கெனவே உருட்டுக் கம்பிதானே, நிமிர்த்தி வெட்டினால் ஒன்றில் ஏழெட்டு உளி வரும். பெரிய முளைக்கு லொறியின் அக்சில் தண்டு எடுங்கள். எது என்ன உருக்கு என்று குழப்பம் வந்தால் கிரைண்டரில் ஒரு கீற்றுப் பிடித்துப் பாருங்கள், சாதாரணக் கம்பி நீளமான நேர்ப் பொறி தரும், கரிச்சத்துக் கூடிய உருக்குப் பூ வெடிக்கிற மாதிரிக் கிளைவிட்டுத் தெறிக்கும்.

எங்கள் ஊரில் படகுச் சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்று நங்கூரச் சங்கிலியையும் வெள்ளைக் குழாயையும் உலைக்குள் வைக்கிறார்கள். அதன் மேல் இருப்பது நாகப் (துத்தநாகப்) பூச்சு. சூடேறினால் வெள்ளைப் புகை வரும், இரவு காய்ச்சலும் நடுக்கமும் பிடிக்கும். வைக்கவே கூடாது. எஞ்சின் வால்வு நல்ல உருக்கு என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள், சில எக்சோஸ்ட் வால்வுகளின் தண்டு உள்ளே பொள்ளல், அதற்குள் சோடியம் இருக்கும், வெட்டினாலும் அடித்தாலும் ஆபத்து.

எச் 13 என்ற சூட்டு வேலை உருக்கு ஒரு துண்டு கிடைத்தால் கீறுகிற உளியை அதில் செய்யுங்கள். 5 சதவீதம் குரோமியம் உள்ளது, மங்கிய சிவப்புச் சூட்டிலும் இலேசில் மென்மையாகாது, காற்றில் ஆறினாலே கடினமாகும். ஒரு நிபந்தனை, வேலையின் நடுவில் அதைத் தண்ணீரில் நனைக்கக்கூடாது, வெடிக்கும். ஒதுக்கி வைத்து ஆறவிட்டு, கைக்கு இரண்டு உளி மாற்றி மாற்றிப் பாவியுங்கள்.

பட்டடையில் துளை இல்லை என்பது பெரிய காரியமே இல்லை. உள்ளளவு 25 மில்லி வருகிற தடித்த சதுரக் குழாயில் அரை அடி வெட்டிக் கட்டையின் பக்கத்தில் நிலைகுத்தாக ஒட்டிவிடுங்கள். செருகுகிற கருவி எல்லாவற்றுக்கும் அதே 25 மில்லிக் கால் வைத்துக்கொள்ளலாம்.

கோணமலை கிறில்:

சுருளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் தம்பி. 40 சுருளைக் கண் மட்டத்தில் அடிக்கவே முடியாது, அச்சு வேண்டும்.

முதலில் பழைய யன்னலில் எது கெடாமல் இருக்கிறதோ அந்தச் சுருளின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவம் எடுங்கள். அதை ஒரு தகட்டில் சோக்கால் அதே அளவில் தெளிவாக வரையுங்கள். நடுவிலிருந்து வெளியே வர வர இடைவெளி கூடிக்கொண்டே வர வேண்டும், ஓர் இடத்தில் அது நின்றாலும் கண்ணுக்கு உறுத்தும். நான் கோடு போட்டுவிட்டு எழுந்து தூரப் போய் நின்று பார்ப்பேன், மறுபடியும் அழிப்பேன், ஒரு சுருளுக்கு ஒரு காலை முழுக்கப் போனதும் உண்டு. அச்சில் இருக்கிற சப்பை 40 தடவை வரும் என்பதால் அந்த நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

பலரும் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. உங்கள் கம்பி அச்சின் வெளிப்பக்கமாகத்தான் சுற்றிக்கொள்ளும். ஆகவே நீங்கள் எடுத்த உருவத்தில் சுருளின் உள்கோடு எதுவோ அதுதான் அச்சின் வெளிக்கோடு. வெளிக்கோட்டுக்கு அச்சுச் செய்தால் சுருள் இரண்டு பக்கமும் 12 மில்லி பெருத்து வரும், யன்னல் சட்டத்துக்குள் அடங்காது. அச்சின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கம்பி புகுந்து வெளியே வரவும் இடம் விட வேண்டும், 12 மில்லிக் கம்பிக்கு 15 ஆவது.

அச்சுக்கு 30 க்கு 8 பட்டை எடுத்து நிறுத்தி வளையுங்கள். நுனியை மட்டும் ஒடுக்கி, சுருளின் கண், அதாவது அதன் நடு நுனி, தொடங்குகிற இடத்துக்கு ஒரு மூக்கு விடுங்கள். வளைக்கும்போது சோக் கோட்டின் மேல் வைத்து வைத்துப் பாருங்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், பிழைத்தால் காய்ச்சித் திறந்து மறுபடி வளையுங்கள். சரியானதும் 10 மில்லித் தகட்டில் ஒட்டி, அடியில் கிண்ணியா நானா சொன்ன 25 மில்லிக் கால் ஒன்று வையுங்கள். ஒட்டும்போது உள்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள், வெளிப்பக்கத்தில் வெல்டிங் புடைப்பு இருந்தால் கம்பி தகட்டில் படிந்து வராது.

கம்பியின் நீளத்துக்குக் கணக்குத் தேவையில்லை. சுருள் கம்பியின் நடுக்கோட்டின் மேல் மெல்லிய கட்டுக்கம்பியைப் படிய வைத்து, பிறகு நிமிர்த்தி அளந்தால் அதுதான் நீளம். நுனியை அடித்து ஒடுக்கினால் கம்பி நீளும், அதைக் கழிக்க வேண்டும், ஒன்று செய்து பார்த்துவிட்டு மிச்சம் 39 ஐயும் ஒன்றாக வெட்டுங்கள். கண்ணைப் பட்டடை ஓரத்தில் சுத்தியலால் அடித்து முதல் வளைவை எடுத்துக்கொள்ளுங்கள், பிறகுதான் அச்சின் மூக்கில் மாட்டி இழுப்பது. கம்பி நீளத்துக்கு ஒரே சூடாக இருக்க வேண்டும், ஓர் இடம் கூடச் சிவந்திருந்தால் அங்கேதான் மடியும். ஏற்கெனவே வந்துவிட்ட கண்ணில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக்கொண்டால் இழுக்கும்போது அது திறக்காது. இழுக்கிறதற்கு இரண்டு விரல் மாதிரிக் கவட்டுச் சாவி ஒன்று செய்யுங்கள், 16 மில்லி உருட்டுக் கம்பியை யு வடிவில் வளைத்து நீளமான பிடி ஒட்டினால் போதும். எடுத்த சுருளைத் தட்டையாக்க இரும்புச் சுத்தியல் வேண்டாம், புளியமரக் கட்டையால் தட்டுங்கள், தழும்பு விழாது.

சாம்பல்தீவு:

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியில் உலை போடாதீர்கள். சிரட்டைக்கரிப் பொறி தூரம் போகும், எங்கள் ஒழுங்கையில் ஒரு கிடுகு வேலி அப்படித்தான் எரிந்தது. காற்றுக்கு மறைவாகத் தகரம் நிறுத்தி, பக்கத்தில் மணல் வாளி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி வெல்டர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுச் சுருள் ஸ்பிரிங்கில் கீறுகிற உளியும் அக்சில் தண்டில் முளையும் அடித்தேன். தோய்ச்சல் போடவில்லை. கரித்தூள் போட்டு மூன்று மூன்று அடியாக அடித்தேன். ஐயா, ஒருமுறைகூட ஒட்டவில்லை. 21 மில்லிக் கீறலில் துளை சரியாக வந்தது, பக்கம் இரண்டும் அந்தப் பழைய யன்னலில் இருப்பது போலவே புடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். துளை ஒன்றுக்குக் கம்பி எவ்வளவு குறைகிறது என்பதையும் அளந்து சுவரில் எழுதிவிட்டேன்.

அக்கா, அச்சு இன்னும் சோக் கோட்டில்தான் நிற்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. கட்டுகிற பட்டிக்கு அளவு எப்படி? அப்புறம், கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற யன்னலுக்குத் துருப்பிடிக்காமல் என்ன செய்வது? மாதிரிக்கென்று பழைய கிறிலில் ஒரு துண்டைக் கழற்றித் தந்திருக்கிறார்கள், அதைக் காய்ச்சி நிமிர்த்தலாமா?

தம்பலகாமம் கம்மாலை:

பட்டிக்கு: கட்டுகிற கம்பிகளை ஒன்றாகப் பிடித்துச் சுற்றளவு எடும், அதோடு பட்டியின் தடிப்பைப் போல இரண்டரை மடங்கு கூட்டும். இரண்டு 12 மில்லிக் கம்பி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சுற்று 72. பட்டி 5 மில்லி என்றால் பன்னிரண்டரை கூட்டி எண்பத்தினாலரை. முதலாவதைப் போட்டுப் பார்த்து வாய் சேராவிட்டால் ஒரு மில்லி கூட்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் குறையும். 24 க்கு 12 கட்டை ஒன்றை முளையாக வைத்துக்கொண்டு, பட்டிகளை எல்லாம் முன்கூட்டியே யு வடிவில் வளைத்து அடுக்கி வையும். பிறகு ஒவ்வொன்றாகக் காய்ச்சி, கம்பிகளுக்குப் போட்டு, இரண்டு வாயையும் கெதியாக மடித்து அடிக்க வேண்டும். ஆறும்போது அது சுருங்கித் தானாக இறுகும். நல்ல பட்டியைக் கையால் அசைக்க முடியாது.

பழைய துண்டை உலையில் வைக்காதேயும். அந்தக் கால மைப்பூச்சு (பெயின்ற்) ஈயம் சேர்ந்ததாக இருக்கும், சூடேறினால் அந்தப் புகை உடம்புக்குள் போகும், உலர்ந்தபடி சுரண்டினாலும் தூசி கூடாது. நிமிர்த்த என்ன இருக்கிறது, அதை அப்படியே சுவரில் மாட்டி வைத்துப் பார்த்து அடியும்.

கோணமலை கிறில்:

துருவுக்கு நான் சொல்கிறேன், நாங்களும் கடற்கரை வீடுகளுக்குத்தான் கூடச் செய்கிறோம். உலையிலிருந்து வந்த கம்பியின் மேல் கறுப்புச் செதில் இருக்கும், அதன் மேல் மை அடித்தால் ஒரு மாரிக்குள் செதிலோடு சேர்ந்து மையும் உரியும். கம்பித் தூரிகை போட்டுச் செதில் முழுக்கப் போக வேண்டும், சுருளின் கண்ணுக்குள் கையால்தான் தேய்க்க வேண்டியிருக்கும். முடிந்தால் சட்டம் முழுவதையும் பூட்டிய பிறகு உருக்கிய நாகத்தில் தோய்த்து எடுப்பதுதான் திறம். அதற்குச் செலவழிக்க அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாகம் கூடிய பிரைமரைத் தண்ணியாகக் கரைத்து முதல் பூச்சுப் பூசுங்கள், பட்டிக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடுக்குக்குள் அது ஓட வேண்டும். நீங்கள் பார்த்த ஐந்து யன்னலும் எங்கே முதலில் அழுகியிருக்கின்றன என்று போய்ப் பாருங்கள், பட்டிக்குள்ளாகத்தான் இருக்கும், உப்புத் தண்ணீர் அங்கேதான் தங்கும். பிறகு தடிப்பாக இரண்டு பூச்சு. யன்னலின் கீழ்க் கம்பியை நேரே சீமெந்துக்குள் புதைக்காதீர்கள், ஓர் அங்குலம் உயர்த்தி விடுங்கள்.

அச்சை ஒட்டுவதற்கு முன் சோக் கோட்டை ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

உப்புவெளி வெல்டர்:

சரி அக்கா. நாளை காலை வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.